கண் சிமிட்டாத குப்பாயி

“நில்லு கண்ணு” என்று ஜெயபாரதியின் சுடிதார் கையைப் புரட்டி, உள்தையலைப் பார்த்துக்கொண்டேதான் குப்பாயி அம்மாள் அன்று விஷயத்துக்கு வந்தார்.

“நான் கென்யா போனா கவருமெண்டுக் கணக்குல செத்தவளா அம்மிணி?”

“யாருங்க அப்படிச் சொன்னது?”

“தங்கதுரை. டீக்கடையில வெச்சு. ‘பிளேன் ஏறுனியன்னா பென்சன் கட்டாயிரும், மதினி’ங்கறாரு.”

“அவருக்குப் பென்ஷன் வருதுங்களா?”

“வர்றதில்ல. அதனாலதா எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்காரு.”

இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் ஜெயபாரதி நிதானமாக விளக்கினாள். எங்கே போனாலும் பி.எஃப். பென்ஷன் நிற்காது. உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை பதிந்தால் போதும். கிளம்புமுன் பதிந்துவிட்டால் அடுத்த ஒரு வருஷத்துக்குச் செல்லும்.

“ஒரு வருசத்துக்கா? ஆண்டவனே அத்தனை கேரண்டி தர மாட்டானே” என்றார் குப்பாயி. பிறகு கையை இறக்கிவிட்டார். “இங்கொரு தையல் தாண்டியிருக்குது. ரெண்டு தொவைக்குத் தாங்கும்.”

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி நின்றபடியே கழிந்தது. ஓட்டை, எண்ணெய்க்கறை, தாண்டிய தையல் எதுவும் அவரைத் தாண்டிக் கப்பல் ஏறியதில்லை. ஓய்வு பெற்றது உடம்புதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டை விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார். பேருந்தில் முன்சீட்டுக்காரரின் காலரில் தொங்கும் பிசிறை, அவருக்குத் தெரியாமல் நகத்தால் கிள்ளி எடுத்துவிடுவார்.

பென்ஷன் பெரிய தொகை இல்லை. ஆனால் போனுக்கு ரீசார்ஜ், அவிநாசி கோயிலுக்குப் பஸ், ஆசைப்பட்ட அன்று ஒரு தேங்காய் பன், இதற்கெல்லாம் அவர் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. “பையன் செல்வக்குமாரு சோறு போடுவான். பன்னு போட மாட்டான்” என்பார். குறையாகச் சொல்வதில்லை, தகவலாகத்தான் சொல்வார்.

மகள் அபிராமிக்கு நைரோபியில் தலைப்பிரசவம். மருமகன் அங்கே ஒரு கார்மெண்ட்ஸில் லைன் இன்சார்ஜ். டிக்கெட் வந்துவிட்டது. பழைய பதிவோ குப்பாயி அங்கே இருக்கும்போதே காலாவதியாகிவிடும்.

முதலில் குப்பாயியின் விரலை வைத்துப் பார்த்தார்கள். துணி தடவித் தேய்ந்த ரேகையை எந்திரம் ஏற்கவில்லை. சரி, போனில் முகத்தைக் காட்டிப் பதியலாம் என்றாள் ஜெயபாரதி. உயிருள்ள முகம்தான் என்று நம்புவதற்கு, கண்ணைச் சிமிட்டச் சொன்னது போன். குப்பாயி சிமிட்டவில்லை.

“சிமிட்டுங்கம்மா.”

“சிமிட்டுன நேரத்துல ஓட்டை போயிருங் கண்ணு.”

முதல் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. முகத்துக்கு நேரே எதை நீட்டினாலும் அவர் கண் தானாக விறைத்துக்கொண்டது. போன் மறுபடி மறுபடி அவரை நிராகரித்தது. சாதிச் சான்றிதழுக்கு நின்றிருந்த ஒருவர், “அம்மா பாக்கற பார்வையில போனுதா செத்துப்போகும்” என்றார். குப்பாயி போனை விட்டு அவரைப் பார்த்தார். “உங்க பாக்கெட்டு கோணையா இருக்குதுங்க” என்றார்.

வந்தார், போனார், மறுபடி வந்தார். பயண நாள் நெருங்கியது. ஒரு மதியம் போனைப் பிடித்தபடியே ஜெயபாரதி பேச்சுவாக்கில் கேட்டாள்: “ஏனுங்கம்மா, நீங்க ஊருக்குப் போனா ஏடிஎம் கார்டு யார்கிட்டங்க இருக்கும்?”

குப்பாயியின் இமைகள் இரண்டு முறை மூடித் திறந்தன. அவர் உயிரோடு இருப்பதைப் போன் ஏற்றுக்கொண்டது.

கிளம்பும் நாளன்று புதுச் செருப்போடு மையத்துக்கு வந்தார். ஜெயபாரதியின் போனில் அபிராமியின் நம்பரைத் தன் கண் முன்னாலேயே பதியச் சொன்னார். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை அழைத்தும் பார்த்துக்கொண்டார்.

“கார்டு செல்வக்குமாருகிட்டத்தா இருக்குது. நல்ல பையன். ஆத்தா உசுரோட இருக்கற வரைக்கும் எல்லாப் பசங்களும் நல்லவங்கதா.” வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அங்க எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அபிராமி மொதல்ல உனக்குத்தா சொல்லுவா. அப்படிச் சொல்லி வெச்சிருக்கறேன். நீ அப்பவே பி.எஃப். ஆபீசுக்குச் சொல்லிப் பென்சன நிறுத்தீரு கண்ணு. செல்வக்குமாருக்கு அப்பறமாச் சொல்லிக்கலாம்.”