நைனா பார்க்காத ஏரோப்ளேன்

என் அண்ணன் ஏரோப்ளேன் செய்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பொம்மை ஏரோப்ளேனா என்கிறார்கள். இல்லை, ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற ஏரோப்ளேன்தான். அதன் இறக்கைக்குத் துணி தைத்தது நான்.

அண்ணனுக்குக் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்க்கும் வேலை. திருவண்ணாமலையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் ஏரோப்ளேன் படம் போட்ட ஒரு இங்கிலீஷ் பத்திரிகை வாங்கிவந்தான். படிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்தே செய்தான். காயலான் கடை அலுமினியக் குழாய், மூங்கில், மோட்டார் சைக்கிள் இன்ஜின், மொபெட் சக்கரம். முன்னால் சுற்றுகிற காத்தாடியை மரத்தில் அவனே செதுக்கினான். நான் அஞ்சாவதோடு நின்று வீட்டில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். வெளுக்காத கோரா துணியைத் தைத்துக் கொடுத்தேன். அதை இறக்கையில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, மேலே வார்னிஷ் அடித்தான். வீடெல்லாம் அந்த நாற்றம்.

எங்கள் அப்பாவை நைனா என்போம். அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பயிர் வைக்கிறவருக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் அண்ணனுக்கு ஊரே தன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. நைனா பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "மேல போனதும் அவர் மூஞ்சி எப்டி மாறுதுன்னு நீ பாத்துச் சொல்லு பாப்பா" என்பான். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

ஆடி முடியட்டும் என்று அம்மா நிறுத்திவைத்தாள். ஆவணி பிறந்ததும் வண்டியை ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். எங்கள் ஊர், சாமியாகக் கும்பிடுகிற திருவண்ணாமலை மலைக்கு மேற்கே. ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இன்ஜினுக்கு விபூதி பூசி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்புறம் நைனா வாயைத் திறந்தார்.

"கெழக்க திருப்பிக்கோ. மலையப் பாத்துக் கெளப்பு."

"நைனா, காத்து மேக்கேருந்து அடிக்குது. காத்த எதுத்து ஓடினாத்தான் தூக்கும்."

"மலைக்கு முதுகக் காட்டிக்கினு எவன்டா நல்ல காரியம் ஆரம்பிப்பான்? நீ மட்டும் புதுசா பொறந்துட்டியா?"

அண்ணன் வண்டியை மலைப் பக்கம் திருப்பினான். எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டுவதற்கு, சிவப்புத் துணியோடு என்னைக் கிழக்குக் கோடியில் போய் நிற்கச் சொன்னான். வண்டி என்னை நோக்கி வந்தது. காற்று பின்னாலிருந்து தள்ள, குதித்துக் குதித்து வந்ததே தவிர எழும்பவில்லை. துணியை ஆட்டினேன். நின்றது.

தூரத்தில் ஊரே சிரித்தது. எங்கள் பெரியப்பா குரல் தனியாகக் கேட்டது. "நல்லா உழுதுட்டாம்பா! மல்லாட்ட வெதச்சிடலாம்!"

அண்ணன் இறங்கினான். முகம் செத்துப்போயிருந்தது. காற்று வருகிற பக்கம் பார்த்துவிட்டு, "வாலப் புடி பாப்பா, திருப்பலாம்" என்றான்.

"நைனா திட்டுவாருண்ணா."

"திட்டட்டும். எழும்பினா அவரே சிரிப்பாரு."

ரெண்டு பேரும் திருப்பினோம். காற்று நேராக எங்கள் முகத்தில் அடித்தது. கிளப்பினான். புழுதியில் கண் எரிந்தும் நான் மூடவில்லை. பாதி ஏரி தாண்டியதும் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அது அகலமாகிக்கொண்டே போனது. கரையில் இருந்த வேலிகாத்தான் மரத்தின் உயரத்துக்குப் போனான். அந்தக் கோடியில் நின்ற சனம், தங்கள் மேல் வருகிறது என்று பயந்து ஓடியது, படுத்தது. பிறகு இறங்கினான். தரையில் மோதி ஒரு சக்கரம் கழன்று ஓடியது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முழங்கையில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். கேட்ட முதல் கேள்வி, "நைனா பாத்தாரா?"

நைனா அங்கே இல்லை. வண்டி மேற்கே திரும்பியதைப் பார்த்ததுமே, முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையேறி வீட்டுக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். படுத்துக் கிடந்தவர்களோ ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரியப்பா, ஒரு மேட்டில் ஏறிக் குதித்தது, அவ்வளவுதான் என்றார். நைனா அதைத்தான் நம்பினார்.

"மலைக்கு முதுகு காட்டின இல்ல? பௌர்ணமிக்குக் கிரிவலம் சுத்தி மன்னிப்புக் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் அத ஓட்டக் கூடாது."

"சுத்தறேன். அப்புறம் நீங்க வந்து பாக்கணும். எந்தப் பக்கம் ஓட்டினாலும் பாக்கணும்."

"பாக்கறன் போ" என்றார் நைனா. அண்ணனுக்கு அதுவே போதும். சக்கரத்தை மாட்டி, கிழிந்த இடத்துக்கு என்னிடம் ஒட்டுப் போடச் சொன்னான்.

பௌர்ணமிக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் விடவே இல்லை. அண்ணன் நனைந்துகொண்டே மலையைச் சுற்றிவிட்டு வந்தான். அதற்குள் ஏரியில் தண்ணீர் பரவிவிட்டது. ஊருக்கெல்லாம் சந்தோஷம். நைனா நாற்று விட்டார். எங்களுக்கு ஓட்ட வேறு இடம் கிடையாது.

"வத்தட்டும் பாப்பா. சித்திரையில பாத்துக்கலாம்" என்றான்.

தை மாசம், பக்கத்து ஊர்க் கிணற்றில் மோட்டார் பார்க்கப் போன இடத்தில் கரண்ட் அடித்துப் போய்விட்டான். ஈரச் சுவர் என்றார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

சித்திரையில் ஏரி வற்றியது. ஒரு சாயங்காலம் மாடு ஓட்டப் போன நைனா திரும்பவில்லை என்று தேடிப் போனேன். ஏரி நடுவில் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நெசமாவே எழும்பிச்சா?"

"எழும்பிச்சி நைனா."

"எவ்ளோ ஒசரம்?"

மரத்தைக் காட்டினேன். எந்த இடத்தில் தரையை விட்டது என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினேன். எங்கே இறங்கியது என்று கேட்டார். அதையும் காட்டினேன். அன்றைக்கு அவர் நின்றிருந்த இடத்துக்குத் தானாகவே போய் நின்றுகொண்டு, வெறும் ஏரியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்கேருந்து நல்லா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"தெரிஞ்சிருக்கும் நைனா" என்றேன்.