பச்சை வீட்டுக்குப் பெயர் பதிந்த ஊர்

வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களைப் பிடித்து நிழலில் இருத்தி, வெயில் கூடிவிட்டது என்று சொல்லிக் கொடுக்கிறவருக்கு விழிப்புணர்வு உத்தியோகத்தர் என்று பெயர். சமாதான காலத்தில் மூன்று வருடம் நான் அதுவாக இருந்தேன். நெளுக்குளத்தில் வீடு, வவுனியாவில் தொண்டு நிறுவனக் கந்தோர், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கூட்டங்கள். கூட்டம் வைத்துக் கையெழுத்து வாங்கிப் பிழைத்த என் சக பாவிகளே, உங்களுக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு இன்னும் எரிகிறது.

கூரை விஷயம்

தர்மபுரத்துக்கு உள்ளே ஒரு சின்னக் குடியிருப்பு, அதற்கு ஒரு சின்னக் குளம். சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பயந்த சனம் குளக்கட்டிலேயே பங்கர் வெட்டியிருந்தது. சண்டை நின்றதும் அதைத் தூர்த்தார்கள். தூர்த்த மண் இறுகவில்லை. அந்த இடத்தில் கட்டு பள்ளமாக இறங்கித் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பெருமழை ஒன்று வந்தால் கட்டு உடையும், கீழே உள்ள வயல் முழுக்கப் போகும். முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள்.

பார்த்துவிட்டு வந்து நான் என்ன செய்தேன்? கரும்பலகையில் 'பச்சை வீட்டு விளைவு' என்று எழுதினேன். யார் வந்து கூட்டம் வைத்தாலும் வீட்டுத் திட்டம்தான் என்று சனம் நம்பியிருந்த காலம் அது. காபனீரொட்சைட்டு பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். ஒருவரும் அசையவில்லை. என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் எல்லாரும் குடும்ப அட்டையோடு வரிசையில் வந்து நின்றார்கள். வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்புத் தலைவர் கணபதியண்ணை முன்னுக்கு வந்து கேட்டார்: "வீடு பச்சையோ நீலமோ, அது பிரச்சினை இல்லைப் பிள்ளை. கூரை ஓடோ தகரமோ எண்டதை மட்டும் சொல்லுங்கோ."

எடுத்த நடவடிக்கை

அடுத்த முறை போகும்போது கந்தோர் ஒரு கேள்விக்கொத்தைத் தந்துவிட்டது. கொழும்பில் ஒரு நிபுணர் தயாரித்தது. பூமி சூடாவதற்கு நாம் அனைவருமே காரணம் என்று அதன் தலையிலேயே போட்டிருந்தார். அந்த 'நாம்' என்ற சொல்லைப் பார்க்கவே எனக்குக் கோபம் வந்தது. குளிரூட்டிய அறையில் இருக்கிற அவரும், விறகடுப்பு ஊதுகிற இந்தச் சனமும் ஒரே 'நாம்'.

நாலாவது கேள்வி இது: 'கடந்த பத்து வருடங்களில் எரிபொருள் பாவனையைக் குறைக்க நீங்கள் எடுத்த நடவடிக்கைகள் எவை?' கேட்டது யாரை? சண்டைக் காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் டீசலும் மின்சாரமும் இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்டு வெளிச்சம் பார்த்த சனத்தை. இவர்கள் எதை எரித்து உலகத்தைச் சூடாக்கியிருப்பார்கள்? கடதாசியைக் கிழித்து எறிய வேண்டும் போல இருந்தது. சம்பளம் வாங்குகிறவள் என்பதால் வாசித்தேன். தனி ஆளாக இரண்டு ஏக்கர் வயல் செய்கிற மங்களேஸ் சிரிக்காமல் பதில் சொன்னார்: "நாங்கள் ஒரு நடவடிக்கையும் எடுக்கேல்லை மிஸ். டீசலைத்தான் ஆமிச் சாவடியில எடுத்திட்டாங்கள்."

தவணை

முல்லைத்தீவுப் பக்கம், தொண்ணூறில் புலிகள் வெளியேற்ற, வருடக்கணக்காகப் புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பி வந்த சில முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு கூட்டம். காலநிலை மாற்றத்தால் வருங்காலத்தில் மக்கள் தம் இடங்களை விட்டு வெளியேற நேரிடலாம் என்று கைநூலில் இருந்தது. அதற்குக் கீழே 'கலந்துரையாடுக' என்றும் இருந்தது. வாசித்து முடிக்கும்போதே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூரை இல்லாத தன் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்த ஹனிபா நானா அமைதியாகக் கலந்துரையாடினார்: "எத்தனை நாள் தவணை தருவாங்க தங்கச்சி? போன முறை, கழுவின கோப்பையைக் கவுத்து வைக்கவும் நேரம் தரல்ல."

தலைப்புக்குள் வராதது

குளக்கட்டுக்காக எங்கள் பணிப்பாளருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். மழை முன்னைப் போல இல்லை, பெய்யாமல் இருந்துவிட்டு ஒரேயடியாகக் கொட்டுகிறது என்று நாங்கள்தானே ஊர் ஊராகப் படிப்பிக்கிறோம், அப்படியானால் மாரிக்கு முன் அந்தக் கட்டைத் திருத்திக் கொடுப்பதுதானே சரியான பாடம் என்று கேட்டிருந்தேன். எழுதியதோடு நில்லாமல், "எழுதியிருக்கிறன், வரும்" என்று ஊருக்கும் சொல்லிவிட்டேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

வந்தது ஒரு பெட்டி தொப்பி. ஒவ்வொன்றிலும் 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்திருந்தது. அதைக் கொடுப்பதற்குப் புரட்டாதி மாதக் கடைசி வியாழக்கிழமை ஒரு கூட்டமும் வைக்கச் சொன்னார்கள். கட்டு எங்கே என்று பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்று கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கட்டு எங்கட தலைப்புக்குள்ள வராது தங்கச்சி. நாங்கள் மனங்களைத்தான் கட்டி எழுப்புறம்."

அந்த வியாழக்கிழமை

கூட்டத்துக்கு ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். வராவிட்டால் ஏதாவது பட்டியலில் பெயர் வெட்டுப்படும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்து வாங்கினேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு, அடிக்கடி றோட்டுப் பக்கம் பார்த்தபடி கடைசி வரை இருந்தார்கள்.

அடுத்த கிழமை மழை இறங்கியது. இரண்டு நாள் இடைவிடாத மழை. பங்கர் தூர்த்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு குளம் வெளியே வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மங்களேஸ் வீட்டில் இருந்த விதைநெல் அவ்வளவையும் விதைத்திருந்தார். வயலில் இப்போது முழங்கால் அளவு மணலும் சேறும்தான். பாதிப்பைப் படம் எடுத்து வரும்படி கந்தோர் என்னிடம் கமரா தந்து அனுப்பியது. எனக்கு எல்லார் மேலும் கோபம். பணிப்பாளர் மேல், நிபுணர் மேல், மழை மேல். அந்தக் கோபத்தில் மங்களேஸைப் பார்த்து, இத்தனை பேர் இருந்தும் ஒரு நாள் கூடி நீங்களே மண் போட்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் சேற்றுக்குள் நின்றபடியே சொன்னார்: "மண் போடுற மிசினும் கிரவலும் எங்களுக்கு ஒரேயொரு நாளைக்குத்தான் கிடைச்சது மிஸ். அண்டைக்குத்தான் நீங்கள் கூட்டம் வைச்சனீங்கள்."

பாதிப்பு அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் 'எங்கள் கூட்டம்' என்று நான் எழுதிக் கொடுக்க, கந்தோர் அதை வெட்டி 'காலநிலை மாற்றம்' என்று திருத்திவிட்டு, இந்த ஊருக்கு விழிப்புணர்வு போதாது என்று இன்னொரு கூட்டத்துக்கு நாள் குறித்தது.