கொதிக்காத தண்ணீர்

சேலத்து மலையில், வெள்ளக்கடைக்குக் கீழே ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை. டாக்டர் கிடையாது. காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் டிரஸ்ஸர்தான். பெருக்குவது, வாந்தி அள்ளுவது, ஊசி கொதிக்க வைப்பது என் வேலை.

போட்டுவிட்டுத் தூக்கி எறியும் ஊசி அப்போது மலைக்கு வரவில்லை. கண்ணாடிக் குழாய், இரும்பு ஊசி. கொதி வந்தபின் இருபது நிமிடம் கொதிக்க வேண்டும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த டிரஸ்ஸர்தான்.

மாதம் ஒரு நாள் கீழேயிருந்து நர்ஸம்மா பஸ்ஸில் வருவார். மடியில் ஐஸ் பெட்டி. பிறந்த குழந்தைகளுக்குக் காசநோய் வராமலிருக்க இடது தோளில் ஊசி. மருந்தைக் கலக்கிவிட்டால் சில மணி நேரந்தான் நிற்கும்.

அன்று என் மகனுக்கு இருபத்திரண்டு நாள். அவனையும் தூக்கிக்கொண்டுதான் வேலைக்கு வந்திருந்தேன். இருந்த ஊசிகளில் ஒன்றுதான் நுனி மழுங்காதது. அதைக் கொதிக்க வைத்து இறக்கினேன். ஸ்டவ் அணைந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. வெளியே எட்டுக் குழந்தைகள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் மறுபடி கொதிக்க வேண்டாமா என்று டிரஸ்ஸரிடம் கேட்டேன்.

"மூணு மணிக்கு பஸ்ஸு. எண்ணெ வாங்கியாந்து நீ கொதிக்க வெச்சு முடிக்கிற வரைக்கும் நர்ஸம்மா இங்கயே குடியிருக்கட்டுமா? வெந்நீர்ல முக்கி முக்கிக் குடு. எவ பாக்கப் போறா?"

நர்ஸம்மா காதிலும் விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அன்று விடிந்ததுமே முதலில் வந்து படியில் உட்கார்ந்திருந்தவள் மேல் லைன் வீடுகளில் குடியிருந்த ஒரு பெண். தலைச்சன் பிள்ளை, எட்டு நாள். முறைப்படி முதல் ஊசி அவனுக்கு. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுப்பாத அம்மிணி. தூங்கட்டும். நான் முன்னால போயிக்கறேன்" என்றேன்.

"போங்கக்கா" என்றாள். சிரித்தாள்.

சுத்தமான ஊசி என் மகனுக்கு. மற்றவர்களும் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் பிள்ளை கடைசி.

வெந்நீர்க் குண்டானை நான்தான் பிடித்திருந்தேன். மூன்றாவது குழந்தைக்குத் தண்ணீரில் ரத்தம் நூலாக இழுத்தது. ஆறாவதுக்குக் கலங்கிவிட்டது. குழந்தைகளுக்குத் தேய்த்த எண்ணெய் மேலே மிதந்தது. கை பொறுக்கும் சூடுகூட இல்லை. அந்தத் தண்ணீரில்தான் கடைசி ஊசியையும் முக்கிக் கொடுத்தேன். பிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அதையும் நானே அள்ளினேன்.

நாலாம் நாள் அவள் வந்தாள். பிள்ளையின் தோள் வீங்கிப் பழுத்திருந்தது. நாற்றம் வாசலிலேயே அடித்தது. டிரஸ்ஸர் வாயில் வெற்றிலையோடு வெறும் விரலால் சீழைப் பிதுக்கினார். ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றார். விரலைத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டார். நான் திரைச்சீலையைக் கழற்றித் துவைக்கப் போனேன்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்தார்கள். பிழைத்தான். தோளில் கட்டைவிரல் புதையும் குழி. என் மகனுக்குப் பட்டாணி அளவுத் தழும்பு. அதைப் பார்த்து, உங்க பிள்ளைக்கு அழகாகக் காய்த்திருக்கிறது என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அவன் சட்டையை இழுத்து அதை மூடினேன்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பெண் பிறந்தது. ஊசி நாளன்று வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதே லைனில் ஒருவர் இருமி இருமி ரத்தம் கக்கிக்கொண்டிருந்தார். சுவர் ஒன்றுதான் நடுவில். அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஊசியா? மூத்தவன் கையப் பாத்தீங்கல்லக்கா. அந்த மருந்து உங்க புள்ளைக்கு ஒத்துக்குது. எம் புள்ளைகளுக்கு ஆகாது."

"மருந்துல ஒண்ணுமில்ல அம்மிணி. ஊசி கொதிக்கல. எனக்குத் தெரியும். அதான் நான் முன்னால போனேன்."

பால் குடித்த குழந்தையை விலக்கி மாராப்பை இழுத்துவிட்டாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

என் காலடியில் துப்பினாள். துடைக்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு இருமலையும் இருபது நிமிடக் கொதியையும் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஊசி நாளில் முதல் ஆளாக நின்றாள். படியில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்து ஸ்டவ் பக்கத்தில் நின்றாள். இங்கே என்ன வேலை என்று டிரஸ்ஸர் கேட்டார்.

"கொதிக்கறதப் பாக்கறனுங்க" என்றாள்.

அவர் வெளியே போனார். கொதி வந்ததும் நர்ஸம்மாவிடம் மணி கேட்டாள். இருபது நிமிடமும் குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊசி போடும்போது குழந்தையின் கையை ஆயா பிடிக்க வேண்டும். பிடிக்கப் போனேன்.

"நீங்க தொடாதீங்க" என்றாள்.

தள்ளி நின்றேன். அவளே பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியது. குழந்தை நன்றாக அழுதது.