ஓட ஒண்ணாத காலோடு கல்குடாவில்

லண்டனில் நாயோடு வந்த ஒரு பெண் "யூ ஓல்ரைட்?" என்று கேட்டாள். நான் குதிகால் நரம்பு அறுந்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அது கேள்வியில்லை, வெறும் வணக்கம் என்பது இத்தனை வருசமாகியும் என் மண்டையில் ஏறவில்லை. ஓடித்திரிந்த காலத்தில் அதைக்கூட யாரும் கேட்டதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடிய, ஒரு களைப்பை இன்னொரு களைப்பால் அடிக்கத்தான் ஓடினேன். ஓடினால்தான் எனக்கு நித்திரை வரும். அந்தக் கால்தான் போனது. இனி ஓடலாமா என்பதே தெரியாமல், லீவு போட்டுக்கொண்டு பிறந்த ஊரான கல்குடாவில் தங்கச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நடக்க மட்டும் அனுமதி.

முதல் கிழமை நடை தண்டனையாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் கண் திறந்தது. போனமுறை வந்தபோது, காதுக்குள் பாட்டோடு இதே றோட்டால் ஓடியிருக்கிறேன். வேலியில் காயும் வலையைக் கண்ட ஞாபகம்கூட இல்லை. இப்போது படலைக்குப் படலை நின்றுதான் கடற்கரைக்குப் போகிறேன். ஒரு வீட்டில் இளநீர், அடுத்த வீட்டில் ஊர்வம்பு. இரண்டும் நன்றாகவே இறங்குகின்றன.

கரையில் கருவாடு காயப்போடும் பூமணி மாமி ஒருநாள் மறித்தார்.

"என்ன புள்ள, நொண்டுறாய்?"

"கால் சரியில்ல மாமி. இனி ஓட ஒண்ணாதோ தெரியா."

"அப்ப காரை வித்துட்டியா?"

சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் காரையும் ஓடத்தானே செய்கிறோம். சண்டைக்காலத்தில் ஊரைவிட்டுப் போனதற்கும் அதே சொல்தான். அதையும் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை. மீனைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார்:

"நாங்களும் ஓடினதான். இந்தா இருக்கிற மாங்கேணி வரைக்கும் ஓடிட்டு, மறுகா திரும்பி வந்துட்டம். நீதான் நிக்கவே இல்ல."



பயணத்துக்கு முதல்நாள், ஈரமணலில் கொஞ்சத் தூரம் மெல்ல ஓடிப் பார்த்தேன். குதிகால் நோகவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டி வைத்தேன். அப்போதும் நோகவில்லை. பின்னால் மாமியின் குரல்: "மெள்ளப் போ கா! பிளேன் உன்ன விட்டுட்டுப் போகாது!"

ஓடலாம். இனி நித்திரை வரும். சந்தோசப்பட வேண்டியவள், மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தேன். நடந்து வந்த தூரமெல்லாம் என் முழுப் பாதமும் மணலில் கிடந்தது. ஓடிய இடத்தில் விரல்கள் மட்டும்.