ஒரு மூடி பெட்ரோலும் ஒரு போசி மோரும்

கார் சர்வீஸ் சென்டரில் புகார் கேட்கிற வேலைக்குப் படிப்பைவிடப் பொறுமைதான் முக்கியம். "மைலேஜ் வரலீங்க" என்று யாராவது வந்து நிற்காமல் எங்கள் துடியலூர் கடையில் பொழுது விடிந்ததில்லை. அதே குறையோடு கார் ஓட்டும் உங்களுக்கும் இது ஆறுதலாக இருக்கலாம்.

மூடிக் கணக்கு

மைலேஜ் புகாருக்கென்றே மேசையில் ஓர் இருமல் மருந்து மூடி வைத்திருக்கிறேன். நிற்கிற காரை அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய அந்த ஒரு மூடி பெட்ரோல் போதும். அதிலும் முக்கால் பங்கு இன்ஜின் சூட்டில் போய்விடும். கால் பங்குதான் காரின் ஓட்டமாகிறது. பிரேக்கை மிதித்தால் அந்த ஓட்டமும் வெறும் சூடாகிப் போகும், மறுபடி வேகமெடுக்க இன்னொரு மூடி. மூச்சுவிடாமல் இதைச் சொல்லி முடித்தேன். அந்தியூர் வெல்ல வியாபாரி ஒருவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப அந்த பிரேக்கக் கழட்டிப்போடுங்க தம்பி!"

சாவி யாருக்கு?

காரமடையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி டீச்சர், காரில்தான் பள்ளிக்கூடம் போகிறார். மற்ற நேரமெல்லாம் கார் கணவர் கையில். "அம்மணி ஓட்டறதாலதான் இப்படிப் பெட்ரோல் குடிக்குதுங்க. அடுத்த மாசத்துலிருந்து இவங்களுக்கு பஸ்தான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் கணவர். டீச்சரின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. கணவர் காபி எடுக்கப் போன சமயம் டீச்சர் மெல்லச் சொன்னார்: "நாப்பது வயசுல பயந்து பயந்து கத்துக்கிட்டேனுங்க, சும்மா உட்டுப்போட முடியுங்களா?"

மோர் சொன்ன சாட்சி

ஒரே ரோட்டில் இருவரும் ஓட்டட்டும் என்றேன். நான் பின்சீட்டில். கணவர் ஒவ்வொரு வேகத்தடை வரைக்கும் பறந்துபோய் பிரேக்கில் ஏறி நின்றார். மைலேஜ் மீட்டர் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டியது.

டீச்சர் தன் மோர்த் தூக்குப்போசியைக் கணவர் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். மூடி சரியாக இறுகாத போசி. தினமும் சிந்தாமல் ஓட்டியே பழகியிருக்கிறார். தூரத்தில் தடை தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவார், ஏற்கெனவே செலவான பெட்ரோலிலேயே கார் தானாக உருண்டு போகும். மீட்டரில் பதினேழு. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

"இதென்ன பெரிய வித்தை?" என்று கணவர் போசியைப் பக்கத்து சீட்டில் வைத்து மறுபடி ஓட்டினார். முதல் சிக்னலில் மிதித்த பிரேக்கிலேயே போசி கவிழ்ந்து மோர் அவர் வேட்டிக்கு வந்துவிட்டது. அவர் துணி தேட, பின்சீட்டில் என் பக்கத்திலிருந்த டீச்சர் கையை நீட்டினார்: "ஏனுங்க, மோர அப்புறம் தொடச்சுக்கலாம், முதல்ல சாவியக் குடுங்க."

அன்றிலிருந்து மைலேஜ் புகார் வந்தால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு போசி மோர் கலக்கி, ஓட்டுகிறவர் பக்கத்து சீட்டில் வைத்து அனுப்பிவிடுகிறேன், சிந்தாமல் திரும்பி வந்தால் அதைக் குடிப்பதும் நான்தான்.