கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு செருப்பு

புது பேண்ட் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறினாலே எனக்கு உள்ளங்கால் சுடும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் காரணம் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், அக்கா கல்யாணத்துக்கு எனக்கு உடுப்பு எடுக்க அப்பா திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். அதுவரை என் சட்டைகளெல்லாம் ‘வளருற பயலாக்கும்’ என்று இரண்டு விரற்கடை கூட்டித் தைத்தவைதான். போட்டால் தென்னைமட்டைக்குச் சாக்கு சுற்றியதுபோல இருப்பேன். தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் கேலி செய்கிறார்கள் என்று ஒரு மாதம் அடம்பிடித்துத்தான் அந்தப் பெரிய கடைக்குச் சம்மதம் வாங்கியிருந்தேன்.

அப்பா பாறசாலைக்குத் தெற்கே, நாங்கள் ‘கடப்புறம்’ என்று சொல்லும் கடற்கரையில் வலை இழுத்துப் பிழைத்தவர். கோயிலானாலும் டாக்டர் வீடானாலும், மரியாதைப்பட்ட இடமென்றால் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைவார். அந்தக் கடையின் கண்ணாடிக் கதவு முன்னாலும் அப்படியே கழற்றி ஓரமாக வைத்தார். மற்றவர்கள் ஷூவோடு உள்ளே போவதை நான் பார்த்தேன். ‘போட்டுக்கிட்டே வரலாம் அப்பா’ என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வார் அறுந்து ஊக்குக் குத்திய அந்த ரப்பர் செருப்பு பளிங்குத் தரையில் ‘பட்பட்’ என்று அடித்துக்கொண்டு என் பின்னால் வருவதைவிட, வெறுங்கால் எவ்வளவோ மேல் என்று பட்டது. பாவி நான்!

பேண்ட் இடுப்பில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. “கொஞ்சம் லூசா உண்டா?” என்று கடைக்காரரிடம் கேட்ட அப்பாவை முறைத்தேன், அவர் பில் போடும் மேசைப் பக்கம் நகர்ந்துகொண்டார். நானோ ஆளுயரக் கண்ணாடியில் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம். குப்பையென்று நினைத்து, வாசல் கூட்டினவர் வாரிக்கொண்டு போய்விட்டாராம். உச்சிவெயில். “போனாப் போட்டு மக்கா, கடப்புறத்து மணல்ல நடந்த காலாக்கும்” என்றவர், என் உடுப்புப் பையையும் தானே சுமந்துகொண்டு கொதிக்கிற தார்ரோட்டில் பஸ் நிலையம்வரை நடந்தார்.

பஸ் உதியன்குளங்கரையை நெருங்கும்போது, சிவந்து பொங்கிய பாதத்தைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இனி இப்படி எடத்துக்கு வாறப்போ எனக்கு சொல்லித்தா மக்கா. நீ கண்டுட்டுதான நின்ன.”

அந்த பேண்ட் ஒரே வருடத்தில் எனக்குச் சிறுத்துவிட்டது, வளருற பயல்தானே. கடை இருந்த இடத்தில் இப்போது வேறேதோ கட்டடம். சம்பாதிக்கத் தொடங்கியபின் அப்பாவை எந்த நல்ல கடைக்குக் கூப்பிட்டாலும், “நீ போயிட்டு வா மக்கா, நான் வெளிய நிக்கேன்” என்பார். இன்று வெளியே நிற்கவும் அவர் இல்லை. சொல்லித்தருவதற்கு அந்த இன்னொரு முறை எனக்கு வாய்க்கவேயில்லை.