ஃபின்டன் தன்னைப் பற்றிப் பேசிய இரண்டு நிமிடம்

அயர்லாந்தில் பாலினஸ்லோ என்ற சிற்றூரில் ஃபின்டன் கெராட்டியைத் தெரியாதவர் கிடையாது. அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ. அதனால் யார் வீட்டு பிரின்டர் மக்கர் பண்ணினாலும் அவனைக் கூப்பிடுவார்கள். உண்மையில் அவன் எழுதுவது, எந்த லாரி எந்த வழியில் போனால் டீசல் மிச்சமாகும் என்று சொல்லும் சாஃப்ட்வேர். அதை விளக்கப்போனால், "ஓஹோ, பெரிய ஆளாயிட்டியோ!" என்பார்கள். வாயைத் திறக்காமல் பிரின்டரையே சரிசெய்து கொடுத்துவிடுவான்.

மே மாதம் அவனுடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். டப்ளினில் வேறொரு கம்பெனி, இரண்டு நிமிட வீடியோவில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னது.

"நல்லா பீத்திக்கணும்," என்றாள் மனைவி கிரான்யா.

"எனக்கு அதெல்லாம் வராதே."

"வேற யாரையோ பத்திச் சொல்றதா நெனச்சுக்கோ."

கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, கேமராவில் தெரியாது என்ற தைரியத்தில் கீழே அரைக்கால் சட்டையோடு, தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பேசினான். "வணக்கம். நான் ஃபின்டன். சிக்கல் என்றால் எனக்கு உயிர்!" பேசி முடித்து கேமராவை அணைக்க எழுந்து வந்தபோது அரைக்கால் சட்டையும் பதிவானது. பதற்றத்தில் அதை டப்ளினுக்கு அனுப்பாமல், தான் மட்டைப்பந்து ஆடும் ஹர்லிங் கிளப்பின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டான்.

முதலில் எழுதியவன் கோல்கீப்பர் கால்ம். "டேய், எங்க வீட்டு கக்கூஸ் குழாய்ல ஒரு சிக்கல். உடனே வா, உயிரே!"

அடுத்தவன்: "கோட்டு மட்டும்தான் வாடகைக்குக் கெடச்சுதா?"

ஃபின்டனுக்கு ஊரைவிட்டே ஓடிவிடலாம் போலிருந்தது. சனிக்கிழமை பயிற்சிக்கு வரமாட்டேன் என்றவனை கிரான்யாதான் காரில் ஏற்றி மைதான வாசலில் தள்ளிவிட்டு வந்தாள்.

அங்கே கிளப் செயலாளர் டிம்ப்னா அவனை மறித்தாள். ஐம்பது தாண்டியவள், பால் கூட்டுறவு அலுவலகத்தில் வேலை.

"ஏம்பா, வீடியோ பாத்தேன், லாரிக்கு வழி சொல்றவனா நீ? பதினோரு வருஷமா உன்னை பிரின்டர் மெக்கானிக்னுல்ல நெனச்சிருந்தேன்!"

"யாரும் கேக்கல, டிம்ப்னாக்கா."

"வாயில என்ன கொழுக்கட்டையா? எங்க பால் வண்டிங்க ஒரே சந்துல ஒண்ணுக்கொண்ணு முட்டிட்டு நிக்குது. திங்கக்கிழமை வா."

திங்கட்கிழமை மேலாளர் எதிரில் உட்கார்ந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், நான் ஃபின்டன்..." என்று ஆரம்பித்தான்.

"அது வேணாம்பா," என்றார் மேலாளர். "ஆபீஸே பாத்தாச்சு. என் சம்சாரம் ரெண்டு தடவை பாத்தா." சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். "இதுல எங்க தப்பு?"

ஃபின்டன் எழுந்து அதன் முன்னால் நின்றான். ஒரு மணி நேரம் கழித்தும் பேசிக்கொண்டேயிருந்தான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வேலை கிடைத்துவிட்டது.

முதல் வாரம், வழிகளை நேரில் பார்க்கிறேன் என்று பால் வண்டியில் ஏறிப் போனான். மூன்றாவது பண்ணையில் இறங்கியபோது புது ஷூவோடு கால் சாணிக்குழியில் முழங்கால்வரை போய், கால் மட்டும் திரும்பி வந்தது. பண்ணைக்காரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இறந்துபோன கணவனின் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வெச்சுக்கோ. அவருக்கும் உன்ன மாதிரியே பெரிய கால்."

அன்று சாயங்காலக் கூட்டத்துக்கு அந்தப் பூட்ஸோடுதான் போனான். பால் கூட்டுறவில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.